தீப்பெட்டிக்கு ஒரு மியூசியம், ஆந்திரா பார்டர் பக்கம்

தீப்பெட்டிக்கு மியூசியமா என்று எங்கள் வீட்டிலேயே சிரித்தார்கள். சிரிக்கட்டும். இரண்டு ரூபாய்ச் சாமான், தீர்ந்தால் தூக்கிப் போடுகிறோம், அதற்கு எதற்குக் கண்ணாடி அலமாரியும் விளக்க அட்டையும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஸ்வீடனில் யோன்சோப்பிங் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே 1848-இல் கட்டிய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டடத்தையே மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் என்று நாடு பூராவுக்கும் தீப்பெட்டி அனுப்புகிற ஊர்களை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று பார்த்தால், நான் கண்டவரை, குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற ரோட்டில் பரதராமிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே திரும்பும் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் வீட்டு மாடி அறை. அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் அறை சாதாரணமானதில்லை.

பெரியவர் தீப்பெட்டி ஏஜென்ட்டாக இருந்தவர். பலமநேர், சித்தூர், மதனப்பள்ளி மளிகைக் கடைகளுக்கெல்லாம் பண்டல் கணக்கில் சரக்குப் போட்டவர், பாதி தமிழ் பாதி தெலுங்கில் வியாபாரம் பேசிப் பழகியவர், இப்போதும் விலை சொல்லும்போது மட்டும் தெலுங்குதான் வருகிறது. நான் பலமநேர்க்காரி, குடியாத்தத்தில் அக்கா வீடு, அந்த வழியில்தான் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வாசலில் போர்டு கிடையாது. பேர், ஊர் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்மா, அப்புறம் ஸ்கூல் பசங்களை பஸ் வெச்சுக் கூட்டினு வந்துடுவாங்க, மாடி தாங்காது" என்றார். அதனால் எழுதவில்லை.

மாடிப்படி ஏறியதும் முதலில் இருப்பது தீப்பெட்டி இல்லை, இரண்டு கட்டைகள். அரணிக் கட்டை. எங்கோ கும்பாபிஷேக யாகத்துக்கு நெருப்புக் கடைந்துவிட்டு வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். வன்னி மரத்தின்மேல் முளைத்து வளர்ந்த அரச மரத்திலிருந்து எடுப்பார்கள் என்பது சாஸ்திரம். அடிக்கட்டையில் ஒரு குழி, அதில் நிற்கும் கடைகோல், அதைச் சுற்றிக் கயிறு, ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க இன்னொருவர் மோர் கடைகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். நிறைய பேர் நினைப்பதுபோல இதில் ஜுவாலை குபீரென்று வராது. உரசி உரசி மரம் தூளாகி, அந்தக் கருந்தூள் குழியின் ஓரத்தில் சேர்ந்து, சூடேறிப் புகைந்து, கடைசியில் அந்தத் தூளுக்குள் ஒரு சின்னக் கங்கு பிறக்கும். அதைப் பஞ்சிலோ தேங்காய் நாரிலோ ஏந்தி ஊதினால்தான் தீ. அவர் வைத்திருக்கும் அடிக்கட்டையில் அந்தக் குழி இன்னும் கரேலென்று இருக்கிறது, விரலை விட்டால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று படுகிறது.

இது ஏதோ யாகசாலைச் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். புறநானூற்றில் 315-ஆம் பாட்டு, ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியது. வீட்டுக் கூரை இறப்பில் செருகி வைத்த ஞெலிகோல் போல, அதாவது தீக்கடைகோல் போல, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கவும் அவனுக்குத் தெரியும், வெளிப்பட வேண்டிய நேரத்தில் அந்தக் கோல் கக்குகிற எரியைப்போல வெளிப்படவும் தெரியும் என்கிறார். எனக்கு இதில் பிடித்தது அதியமானின் வீரம் இல்லை. தீக்கடைகோலை வீட்டு இறப்பில் செருகி வைத்திருந்தார்கள் என்கிற தகவல். இன்றைக்கு அடுப்பு மேடைமேல் தீப்பெட்டி கிடக்கிற மாதிரி அன்றைக்குக் கூரையோரத்தில் அது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரிதான், எங்கள் பக்கத்திலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. பெரியவரிடம் சொன்னேன், உடனே ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லி அரணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அப்புறம் சக்கிமுக்கி. ஒரு வெள்ளைக் கல், ஒரு வளைந்த இரும்புத் துண்டு, அடைத்து வைத்த இலவம்பஞ்சோடு ஒரு மூங்கில் குழாய். மலைப்பக்கம் ஆடு மேய்த்த ஒருவருடைய அப்பா பீடி பற்ற வைக்க வைத்திருந்ததாம். கல்லிலிருந்து பொறி வருகிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் எரிவது இரும்பு. கல்லின் கூர்முனை இரும்பை மெல்லிய சீவலாகச் சுரண்டுகிறது, அந்தச் சீவல் உரசின சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்கிறது, அதுதான் நாம் பார்க்கும் பொறி. கல்லையும் கல்லையும் தட்டிப் பார்த்தால் இப்படிப் பஞ்சு பிடிக்கிற பொறி வராது. என்னிடம் கொடுத்துத் தட்டச் சொன்னார். விரல் முட்டியில் தட்டிக்கொண்டதுதான் மிச்சம். அவர் தட்டினார், பஞ்சில் ஒரு கடுகளவு சிவப்பு வந்து, ஊத ஊத பரவியது.

தீயை உண்டாக்குவது இவ்வளவு பாடு என்பதால்தான் அந்தக் காலத்தில் அதை அணையவே விடமாட்டார்கள். வறட்டியைக் கங்கோடு சாம்பலில் மூடி வைப்பது, அணைந்துபோனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டியோடு போய் நெருப்பு வாங்கி வருவது, விளக்கு வைத்த நேரத்தில் மட்டும் யாரும் தரமாட்டார்கள் என்பது எல்லாம் என் பாட்டி சொல்லிக் கேட்டது. பெட்டிக்கடையில் தொங்குமே, நுனி மட்டும் கனிந்துகொண்டே இருக்கிற கயிறு, அதுவும் அதே யோசனைதான். அப்படி ஒரு கயிற்றுச் சுருளும் இந்த அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறது. பலமநேர் பஸ் ஸ்டாண்டு கடையில் கேட்டு வாங்கினாராம். கடைக்காரர் இவரைப் பைத்தியம் என்று நினைத்து இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

இனி தீக்குச்சி. இங்கேதான் பெரியவர் உற்சாகமாகிவிடுவார், நானும் வீட்டுக்கு வந்து நிறையப் படித்தேன், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1669-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்கிற ரசவாதி, தங்கம் கிடைக்கும் என்று மனித மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சிக் கடைசியில் இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டான். அதுதான் பாஸ்பரஸ். ஆனால் முதல் உரசு தீக்குச்சியில் பாஸ்பரஸே கிடையாது. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் ஊர் மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கர் 1827 ஏப்ரலில் விற்க ஆரம்பித்தது பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்பைடும் கோந்தில் குழைத்துப் பூசிய குச்சி, மடித்த உப்புத்தாளுக்குள் வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். அவர் காப்புரிமை எடுக்கவில்லை, அடுத்தவர்கள் காப்பியடித்துப் பணம் பார்த்தார்கள். 1830-இல் பிரான்சில் சார்ல் சோரியா வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார். அதற்குப் பிறகு எங்கே உரசினாலும் பற்றியது, சுவரில், செருப்பில், எதில் வேண்டுமானாலும்.

எங்கே உரசினாலும் பற்றும் என்ற அந்த வசதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் கொடுமை. வெள்ளை பாஸ்பரஸ் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி, அப்புறம் ஈறு வீங்கிச் சீழ், அப்புறம் தாடை எலும்பே அழுகும். தாடையை அறுத்து எடுத்துத்தான் பலரைப் பிழைக்க வைத்தார்கள், செத்தவர்களும் உண்டு. தொழிற்சாலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள். 1888-இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அவர்களுடைய கூலி, அபராதம், நிலைமை எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதிக் கிளப்பியது யார் தெரியுமா? அன்னி பெசன்ட். நம் அடையாறு அன்னி பெசன்ட்தான். பெசன்ட் நகர் என்று சொல்லும்போது ஞாபகம் வருகிறதே, அவர். எங்களுக்கு இன்னும் பக்கம், மதனப்பள்ளியில் 1915-இல் தொடங்கிய பெசன்ட் தியசாபிகல் காலேஜ் அவர் பேரில்தான். எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ பேர் அங்கே படித்திருக்கிறார்கள், அந்தம்மாவுக்கும் தீப்பெட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் பெண்கள் அந்தப் போராட்டத்தில் ஜெயித்தார்கள், அபராதப் பிடித்தம் போனது. வெள்ளை பாஸ்பரஸ் மட்டும் உடனே போகவில்லை. 1906-இல் பெர்ன் நகரத்தில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன, இந்தியாவில் 1913-இல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அநியாயம் என்னவென்றால் மாற்று வழி அதற்கு எவ்வளவோ முன்னாலேயே கையில் இருந்தது. ஸ்வீடன்காரர் குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844-இலேயே விஷமில்லாத சிவப்பு பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கவாட்டில் பூசும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சரிப்படுத்தி, யோன்சோப்பிங்கில் தயாரித்து, 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள். நாம் இன்றைக்கு உரசுவது அதே குச்சியின் வாரிசுதான். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வஜ்ஜிரப் பசை, கண்ணாடித் தூள். பெட்டிப் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். உரசுகிற சூட்டில் பெட்டியிலிருக்கும் பாஸ்பரஸில் துளியூண்டு வெள்ளை பாஸ்பரஸாக மாறிப் பற்றி, குச்சித் தலையை எழுப்பிவிடுகிறது. குச்சியின் மேல்பகுதி மெழுகில் தோய்ந்திருப்பதால்தான் தீ தலையோடு நிற்காமல் மரத்துக்கு இறங்குகிறது. பெரியவர் ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் தேய் தேய் என்று தேய்த்தார், ஒன்றும் ஆகவில்லை, பெட்டியில் ஒரு இழுப்பு, பற்றியது. "இந்தச் சொரசொரப்புலதான் பாதி மருந்தே கீதும்மா" என்றார்.

ஸ்வீடன் கதையில் இன்னொரு ஆளையும் சொல்லாமல் விட முடியாது, ஈவார் குரூகர். தீப்பெட்டி ராஜா என்றே பேர். அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை வாங்கிக்கொள்வார். 1932-இல் பாரிஸில் சுட்டுக்கொண்டு செத்தார், பிறகு கணக்கைத் தோண்டினால் ஏகப்பட்ட மோசடி. இந்த ஸ்வீடன் கம்பெனியின் கைதான் 1923-இல் இங்கே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியாக வந்தது, சுருக்கமாக விம்கோ. சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் திருவொற்றியூர் பக்கம் விம்கோ நகர் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள்.

அதே சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி வந்து ஆரம்பித்தார்கள். மழை இல்லாத, விவசாயம் பொய்த்த ஊருக்கு அது வாகாக அமைந்தது. ஈரம் பட்டால் மருந்து காயாது, வறண்ட காற்று அங்கே இலவசம். குடியாத்தத்துக்கும் ஏறக்குறைய அதே கதை, பாலாற்றிலும் கௌண்டன்யா ஆற்றிலும் தண்ணீரைவிட மணல் அதிகம், தறி, பீடி, தீப்பெட்டி என்று கையை நம்பித்தான் பிழைப்பு.

அறையின் மூன்று சுவரும் லேபிள்தான். சிவகாசிக்காரர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்த பெட்டிகள் இந்திய மார்க்கெட்டுக்கென்று நம் சாமி படங்களைப் போட்டு வந்தவை, அதில் சில மங்கிப்போய் இருக்கின்றன. அப்புறம் புலி, கிளி, சாவி, தாமரை, டெலிபோன் என்று நம் ஊர் லேபிள்கள். சின்ன வயதில் இந்தப் படங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்துப் பந்தயம் கட்டி விளையாடாதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. 1934-இல் வெள்ளைக்காரன் தீப்பெட்டிக்கும் சட்டம் போட்டுக் கலால் வரி விதித்தான், பெட்டிமேல் குறுக்காக ஒட்டின அந்த வரிச் சீட்டு நாடாக்கள்கூட ஒரு பாட்டிலில் சுருட்டி வைத்திருக்கிறார். அழகுதான். வண்ணம், அச்சு, எழுத்து எல்லாம் அழகு. நானும் நிறைய போட்டோ எடுத்தேன்.

ஆனால் பார்த்துக்கொண்டே வரும்போது எனக்கு ஒரு எரிச்சல் கிளம்பியது. தீப்பெட்டி என்றால் எல்லோரும் லேபிளைத்தான் சேர்க்கிறார்கள். சேர்ப்பது சுலபம், ஆல்பத்தில் அடங்கும், யாருக்கும் சங்கடம் இல்லை. என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் குடியாத்தத்தில் வீட்டில் பெட்டி ஒட்டினவர். மரச்சில்லை மடித்து நீலத்தாள் சுற்றுவது, அடிப்பெட்டி தனி, மேல்பெட்டி தனி. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள், அதனால் சாப்பிட உட்காரும் முன்னால் கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது என்பார். குரோஸ் கணக்கில் எண்ணி எடுத்துக்கொண்டு போவார்கள், 144-க்கு இவ்வளவு என்று கூலி, கோணல் என்று ஒதுக்கினதுக்குக் காசு கிடையாது, ஆனால் ஒதுக்கின பெட்டியைத் திருப்பியும் தர மாட்டார்கள். அது எங்கே போனது என்று அம்மா இன்றைக்கும் கேட்பார்.

கேட்டுவிட்டேன். "ஐயா, எல்லாம் நல்லா இருக்கு. பெட்டி ஒட்டினவங்க எங்க?"

"ஒட்டினவங்க வீட்டுக்கு வீடு இருந்தாங்கம்மா. அவங்களை எந்தச் சுவத்துல மாட்டுறது?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கமெல்லாம் விடியுமுன்னே கிராமம் கிராமமாக பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன கதை யாருக்கும் தெரியாததில்லை. அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர், பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைகள் ஆபீஸ் போனார்கள். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் தடை செய்த வேலைகளின் வரிசையில் தீப்பெட்டியும் இருந்தது. 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, அந்த வழக்கே சிவகாசியை வைத்து வந்ததுதான். இதெல்லாம் இல்லாமல் புலியையும் கிளியையும் மட்டும் மாட்டி வைத்தால் அது தீப்பெட்டி மியூசியம் இல்லை, வெறும் படக்கடை. கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து, சாக்கில் சுற்றின ஒன்றை இழுத்தார். குச்சி அடுக்குகிற சட்டம். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக மரப்பட்டிகள், ஒவ்வொரு பட்டியிலும் நெருக்க நெருக்கமாகக் காடி வெட்டியிருக்கிறது. ஒரு காடிக்கு ஒரு குச்சி. ஒரு பட்டி நிறைந்ததும் அதன்மேல் அடுத்த பட்டி, எல்லாம் நிறைந்ததும் மேலே இறுக்கி, தலைகள் ஒரே மட்டமாக நிற்கும்படி தட்டி, முதலில் மெழுகில், அப்புறம் மருந்தில் முக்கி எடுப்பார்கள். ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் மருந்து சீராகப் பிடிக்காது. ஒரு மூலையில் எப்போதோ சொட்டின மருந்து காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. காடிகளின் விளிம்பு நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது, ஓரத்தில் கூர்மை அப்படியே இருந்தது. கை எங்கே அதிகம் போகும் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது.

"இது எங்க சித்தி பொண்ணு அடுக்கினது. இதைப் பார்த்தா அவ அழுவா, அதான் உள்ள வெச்சேன்" என்றார். அப்புறம் அவரே, "சரி, வெளிய வெக்கிறேன்" என்றார்.

இப்போது பெரிய இடங்களில் இதெல்லாம் மெஷின். குச்சி அடுக்கி, முக்கி, காய்ந்து, பெட்டியில் விழுகிறவரை. இப்படி ஒரு முழு மெஷினை லாகர்மன் என்பவர் 1892-இலேயே யோன்சோப்பிங்கில் செய்துவிட்டார், இங்கே கைக்கூலி மலிவு என்பதால் அது பரவ நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. 2007-இல் ஒரு ரூபாய் ஆன பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது, நடுவில் 14 வருஷம் குளோரேட், மெழுகு, அட்டை எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தும் பெட்டி விலை நகரவில்லை. நடுவில் பிளாஸ்டிக் லைட்டர் வேறு வந்து அடித்தது, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-இல் தடை செய்தார்கள். கேஸ் அடுப்பே பொத்தானை அழுத்தினால் எரிகிற காலத்தில் விளக்கேற்றவும் கற்பூரம் கொளுத்தவும்தான் தீப்பெட்டி என்று பெரியவர் சொல்கிறார். கரண்ட் போனால் எங்கள் வீட்டில் இன்னும் முதலில் தேடுவது அதைத்தான், அது வேறு விஷயம்.

கிளம்பும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அம்மா பெட்டி ஒட்டின காலத்துக் கணக்கு நோட்டு ஏதாவது வீட்டில் இருக்குமா, இருந்தால் சட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று. இருக்கிறது. தேதி போட்டு, எத்தனை குரோஸ், எவ்வளவு ஒதுக்கினது, எவ்வளவு கொடுத்தார்கள் என்று அம்மாவின் கையெழுத்தில் பென்சிலில் எழுதின நோட்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அதுல எனக்கு வரவேண்டிய பாக்கி நாலு மாசத்துது அப்படியே நிக்குது. அதைத் தீர்த்துட்டு நோட்டை எடுத்துனு போகச் சொல்லு" என்றார். பாக்கி வைத்தது வேறு யாரோ ஒரு கான்ட்ராக்டர், இவர் இல்லையே அம்மா என்றால், தீப்பெட்டிக்காரங்க எல்லாம் ஒண்ணுதான் என்கிறார். பெரியவருக்கு போன் போட்டு இதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு, எவ்வளவு என்று கேட்டுச் சொல் என்றார். அம்மா இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருக்கிறார், வட்டி உண்டா இல்லையா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.